கேலி செய்யவும் ஒரு தகுதி வேண்டும்

நகைச்சுவை என்றால் நமக்குக் கொஞ்சம் இளப்பம்தான். சோக நாடகம் எழுதியவரை எழுத்தாளர் என்போம். சிரிக்க வைத்தவரை 'நல்லாத் தமாஷ் பண்ணினார்' என்று சொல்லிவிட்டுக் கலைந்து போவோம். ஆனால், தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டையும் வரிசைப்படுத்தியபோது முதலிடத்தை நகைக்குத்தான் கொடுத்தார். அந்த நகை எவற்றிலிருந்து பிறக்கிறது என்று சொல்லும்போது எள்ளலை முதலிலும் இளமையை அதற்கு அடுத்தும் வைத்தார். எள்ளல் என்றால் கேலி. இளமை என்பதைப் பிள்ளை மனம் என்று நான் புரிந்துகொள்கிறேன். இவை இரண்டும் கைகோத்து வரும் கேலி ஒன்று. எள்ளல் மட்டும் தனியாக வரும் கேலி வேறொன்று. முன்னது கேலிக்கு ஆளானதை வாழ வைக்கும். பின்னது அதைக் கொன்றுவிடும். இதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது.

இதற்கு எடுத்துக்காட்டாக நான் கொண்டுவருவது ஒரு பெரிய காவியத்தை அன்று. பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 1999ஆம் ஆண்டு, ஓர் அறநிதி நிகழ்ச்சிக்காக எடுக்கப்பட்ட ஏறத்தாழ இருபது நிமிட நகைச்சுவைப் படம் ஒன்றைத்தான். 'டாக்டர் ஹூ' என்ற காலப் பயணத் தொடரைக் கேலி செய்து எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் பெயர் 'தி கர்ஸ் ஆஃப் ஃபேடல் டெத்'. தமிழில் சொன்னால் 'சாகடிக்கும் மரணத்தின் சாபம்'. சாகடிக்காத மரணம் ஏது என்று கேட்கிறீர்களா? நாம் 'நடு சென்டர்', 'கேட்டு வாசல்' என்று சொல்வது போலத்தான். தலைப்பிலேயே கேலி தொடங்கிவிடுகிறது.

பத்தாண்டு மௌனம்

இந்தத் தொடரைப் பார்த்திராத நண்பர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23ஆம் நாள் பிபிசியில் தொடங்கியது. கதைநாயகர் வேற்றுக் கிரகத்தவர். 'டாக்டர்' என்பதே அவரை அழைக்கும் பெயர். வெளியே பார்த்தால் நீல நிறக் காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி போலவும், உள்ளே போனால் மாளிகை அளவும் இருக்கும் டார்டிஸ் என்னும் வண்டியில் ஏறிக் காலத்தையும் அண்டவெளியையும் சுற்றி வருவார். 1966இல், டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றி விலக வேண்டியிருந்தது. தொடரை நிறுத்த மனமில்லாத தயாரிப்பாளர்கள் ஓர் அருமையான வழி கண்டார்கள். டாக்டர் இறக்கும் தறுவாயில் புது உடல் எடுப்பார் என்று கதையை அமைத்தார்கள். நம் ஊர் பாணியில் சொன்னால் கூடு விட்டுக் கூடு பாய்வது போல. நடிகர் மாறினாலும் நாயகர் அவரே.

இப்படி ஏழு நடிகர்கள் மாறி 26 ஆண்டுகள் ஓடிய தொடர், 1989 டிசம்பரில் நின்று போனது. கடைசி ஆண்டுகளில் அதைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆடும் அட்டைச் சுவர்கள், கழிவறைக் குழாய் அடைப்பை நீக்கும் ரப்பர்க் கிண்ணத்தைக் கையாகக் கொண்ட டாலெக் அரக்கர்கள், அந்த அரக்கர்களால் மாடிப்படி ஏற முடியாது என்ற பழைய நகைச்சுவை எனப் பட்டியல் நீளும். 1988ஆம் ஆண்டுக் கதையொன்றில் ஒரு டாலெக் படிகளின் மேல் மிதந்து ஏறிக் காட்டியது. அதற்குப் பிறகும் அந்த நகைச்சுவை ஓயவில்லை. தொடரைப் பார்க்காதவர்கள்தாம் அதை அதிகம் சொன்னார்கள். நான் சொன்ன 'எள்ளல் மட்டும்' வகைக் கேலி இதுதான். பார்க்காமலேயே சிரிப்பது.

1996இல் பால் மெக்கேன் நடிக்க, அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பாக ஒரு தொலைக்காட்சித் திரைப்படம் வந்தது. அதைத் தொடர்ந்து புதிய தொடர் வரவில்லை. தொடர் செத்துப்போய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

சிவப்பு மூக்கு நாள்

அடுத்து, அறநிதிக் கதை. எத்தியோப்பியாவின் கடும் பஞ்சத்தைக் கண்டு, 1985இல் எழுத்தாளர் ரிச்சர்ட் கர்டிசும் நகைச்சுவை நடிகர் லென்னி ஹென்றியும் தொடங்கிய அமைப்பு 'காமிக் ரிலீஃப்'. மக்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே நிதி திரட்டுவது என்பது அவர்களின் எண்ணம். 1988இல் முதல் 'சிவப்பு மூக்கு நாள்' நடந்தது. கோமாளியின் சிவப்பு மூக்கை வாங்கி அணிந்துகொண்டு ஊரே நன்கொடை கொடுத்தது. இரவு முழுவதும் தொலைக்காட்சியில் நகைச்சுவைத் துண்டுகள், நடுநடுவே நிதி யாருக்குப் போகிறது என்று காட்டும் படங்கள், மீண்டும் நகைச்சுவை.

1999 மார்ச் 12ஆம் நாள் நடந்த சிவப்பு மூக்கு நாளில், நான்கு பகுதிகளாகப் பிரித்து ஒளிபரப்பப்பட்டதுதான் நான் சொல்லும் படம். அந்த ஆண்டு 35 மில்லியன் பவுண்டுக்கு மேல் நிதி திரண்டது. அதில் இந்தப் படத்தின் பங்கு இவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. என் அக்கறையும் அதில் இல்லை. எழுதியவர் யார், எந்த மனத்தோடு எழுதினார் என்பதில்தான் என் அக்கறை.

எழுதியவர் ஸ்டீவன் மொஃபாட். ஸ்காட்லாந்துக்காரர். அதற்கு முன் சில நகைச்சுவைத் தொடர்கள் எழுதியிருந்தார். சிறு வயது முதலே 'டாக்டர் ஹூ' தொடரின் தீவிர ரசிகர். டாக்டராக நடித்தவர், நாம் 'மிஸ்டர் பீன்' என்று அறிந்த ரோவன் அட்கின்சன். டாக்டரின் பரம எதிரியான 'மாஸ்டர்' வேடத்தில் ஜொனத்தன் பிரைஸ். தோழி எம்மாவாக ஜூலியா சவால்ஹா. இன்னும் சில பெரிய நடிகர்களும் உண்டு. அவர்கள் பின்னால் வருகிறார்கள்.

கதையும் கேலியும்

டாக்டர் ஒரு கிரகத்துக்குத் தம் எதிரி மாஸ்டரை விருந்தாளியாக அழைக்கிறார். 'போதும், உலகங்களைக் காப்பாற்றிக் களைத்துவிட்டேன். எம்மாவை மணந்துகொண்டு ஓய்வு பெறப் போகிறேன்' என்கிறார். அந்தக் கிரகத்து மக்கள் ஒரு காலத்தில் வயிற்றுக் காற்றை வெளியேற்றியே பேசிக்கொண்டவர்களாம். நெருப்பைக் கண்டுபிடித்த அன்று அழிந்து போனார்களாம். ஆம், நகைச்சுவை அந்தத் தரத்திலும் இறங்குகிறது. நான் மறைக்கவில்லை.

ஆனால், அடுத்து வருவதைக் கவனியுங்கள். மாஸ்டர் எக்காளமிட்டுச் சிரிக்கிறார். 'நான் கடந்த காலத்துக்குப் போய், இந்தக் கோட்டையைக் கட்டிய கட்டடக் கலைஞனுக்குக் கையூட்டுக் கொடுத்து இங்கே பொறி வைத்துவிட்டேன்!' டாக்டர் பதறவில்லை. 'நீ அப்படிச் செய்வாய் என்று தெரிந்து, நான் அதற்கும் முன்னால் போய் அவனுக்கு விருந்து வைத்து அதை மாற்றிவிட்டேன்' என்கிறார். கூர்முனைகள் பாயும் என்று மாஸ்டர் காத்திருந்த இடத்தில் உட்கார வசதியான சோஃபா வந்து நிற்கிறது. முன்னால், அதற்கும் முன்னால் என்று இருவரும் போட்டி போடுகிறார்கள். கட்டடக் கலைஞனுக்குத்தான் நல்ல வேட்டை.

பொறி வாய் திறந்து மாஸ்டர் சாக்கடைக்குள் விழுகிறார். அவர் மறைந்த மறுநொடியே வாசலில் வந்து நிற்கிறார், தொண்டு கிழவராக! சாக்கடையில் 312 ஆண்டுகள் தவழ்ந்து வெளியேறி, தம் காலவண்டியில் ஏறி, விழுந்த அதே நொடிக்குத் திரும்பி வந்திருக்கிறார். வந்த வேகத்தில் மீண்டும் விழுகிறார்.

இது வெறும் கூத்தா? என்னைக் கேட்டால் இல்லை என்பேன். காலப் பயணம் உண்மையாகவே கைவசம் இருந்தால் சண்டை எப்படி நடக்கும் என்பதை, அந்தத் தொடரின் பல பழைய கதைகளைவிட இந்தக் கேலிப்படம் ஆழமாக யோசித்திருக்கிறது. பழைய கதைகளில் காலவண்டி பெரும்பாலும் ஒரு வாகனம்; கதை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும், அவ்வளவுதான். மொஃபாட் காலத்தையே ஆயுதமாக்கினார். இப்படி யோசிக்க, கேலிக்கு ஆளான பொருளை அணு அணுவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம். எம்மா எதைக் கேட்டாலும் டாக்டர் 'அப்புறம் விளக்குகிறேன்' என்று நழுவுவார். 'உட்காரவே முடியாத டாலெக்குகளின் கப்பலில் நாற்காலிகள் எதற்கு?' 'அப்புறம் விளக்குகிறேன்.' தொடரைப் பல ஆண்டுகள் பார்த்தவர்களுக்கு இதன் சுவை தெரியும். கதையில் ஓட்டை விழும்போதெல்லாம் டாக்டர் அப்படித்தான் தப்பித்துக்கொள்வார். வெளியாள் ஆடும் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறான். வீட்டுப்பிள்ளையோ அப்பாவின் பேச்சை அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்கிறான். இரண்டும் சிரிப்புத்தான். இரண்டாவது சிரிப்பில் அப்பாவும் சேர்ந்துகொள்ள முடியும்.

அட்கின்சனின் நடிப்பும் இங்கே குறிப்பிடத்தக்கது. அவர் மிஸ்டர் பீனாக முகத்தைக் கோணவில்லை. டாக்டர் வேடம் உண்மையாகவே தமக்குக் கிடைத்துவிட்டது போல அமைதியாக, நேராக நடித்தார். சுற்றியிருக்கும் உலகம் கிறுக்குத்தனமாக இருக்க, அவர் மட்டும் மரியாதையோடு நிற்கிறார். கேலியிலும் மரியாதை இருக்க முடியும் என்பதை ஒரு நடிகர் உடம்பால் காட்டிய இடம் அது.

சிரிப்பின் நடுவே ஓர் இரங்கல்

இனி, இந்தப் படத்தின் உயிரான இடத்துக்கு வருகிறேன்.

கதை முடிவை நெருங்கும்போது டாக்டர் அடுத்தடுத்து இறந்து புதுப்புது உடல் எடுக்கிறார். அட்கின்சன் ரிச்சர்ட் இ. கிராண்ட் ஆகிறார், அவர் கூச்சம் பிடித்த ஜிம் பிராட்பென்ட் ஆகிறார், அவர் ஹியூ கிராண்ட் ஆகிறார். ஒரு நடிகர் மாறுவதே தொடரில் பெரிய நிகழ்வாக இருக்க, இங்கே சட்டை மாற்றுவது போல மாறுகிறார்கள். சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலிக்கும் நேரத்தில், ஹியூ கிராண்ட் உருவில் இருக்கும் டாக்டர் கீழே விழுகிறார். இம்முறை அவரைத் தாக்கிய கதிர் மறுபிறப்பையே தடுத்துவிடும். டாக்டர் உண்மையாகவே சாகிறார்.

எம்மா அவர் அருகில் மண்டியிட்டுப் பேசுகிறாள். அந்தப் பேச்சில் கேலி இல்லை. அவர் கொடுமை செய்யாதவர், கோழையாகவும் இருந்ததில்லை. அவர் இல்லாத உலகில் இனி நிம்மதியாகப் பயப்படக்கூட முடியாது என்னும் பொருளில் பேசுகிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் மாஸ்டரும் டாலெக்குகளும், இனித் தீமையைக் கைவிடுவோம் என்று உறுதி எடுக்கிறார்கள்.

அந்தச் சொற்களின் வரலாறு சுவையானது. கொடுமையும் இல்லாத, கோழைத்தனமும் இல்லாத நாயகர் என்ற விளக்கம், 1970களில் தொடரின் கதைப் பதிப்பாசிரியராக இருந்த டெரன்ஸ் டிக்ஸ் டாக்டரைப் பற்றி எழுதியது. சிறுவர்களாக அவருடைய புத்தகங்களைப் படித்து வளர்ந்த தலைமுறையில் மொஃபாட்டும் ஒருவர். தொடர் நின்று பத்தாண்டாகி, கேலிப்பொருளாகிக் கிடந்த காலத்தில், அதே விளக்கத்தை ஓர் இரங்கல் உரையாக மாற்றி, காற்றுப் பிரியும் நகைச்சுவைகளுக்கு நடுவே ஒளித்து வைத்தார். எம்மா அழுதது டாக்டருக்காக. எழுதியவர் அழுதது தாம் நேசித்த தொடருக்காக என்று நான் எடுத்துக்கொள்கிறேன். பார்வையாளர் சிரிப்பில் கவசத்தைக் கழற்றி வைத்திருந்த நேரம் பார்த்துத்தான் அவர் அதைச் சொன்னார்.

கதை அங்கே முடியவில்லை. இந்த அண்டத்தாலேயே டாக்டரின் பிரிவைத் தாங்க முடியவில்லை போலும். விதி மீறப்பட்டு அவர் மீண்டும் எழுகிறார். இம்முறை ஒரு பெண்ணாக. நடித்தவர் ஜோவானா லம்லி.

சறுக்கிய இடம்

இங்கே நான் பாராட்டை நிறுத்திக்கொண்டு குறை சொல்லியாக வேண்டும்.

டாக்டர் பெண்ணாவது அந்தப் படத்தின் கடைசி நகைச்சுவை. பெண்ணானதும் அவர் முதலில் கவனிப்பது தம் மார்பை. அடுத்து வருவது அவருடைய கருவியை வைத்து ஓர் இரட்டைப் பொருள் நகைச்சுவை. எம்மா திருமணத்தை மறுத்துவிடுகிறாள். மாஸ்டர் புதிய டாக்டரின் அழகில் மயங்கி, இருவரும் கைகோத்துப் போகிறார்கள். எழுந்து வந்த டாக்டருக்கு அறிவு அப்படியே இருக்கிறது, துணிவு அப்படியே இருக்கிறது. ஆனால் கதாசிரியருக்குச் சிரிப்பாகத் தெரிந்தது உடம்பு மட்டும்தான்.

பெண் டாக்டர் என்ற எண்ணம் அன்று புதிதும் இல்லை. 1980இல் டாம் பேக்கர் வேடத்தை விட்டு விலகும்போது, அடுத்து வருபவர் ஆணோ பெண்ணோ, வாழ்த்துகள் என்ற பொருளில் சொல்லிப் பத்திரிகையாளர்களைப் பரபரப்பாக்கினார். 1986இல், தொடரை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான சிட்னி நியூமன், டாக்டரைப் பெண்ணாக மாற்றலாம் என்று பிபிசிக்குக் கடிதமே எழுதினார். அது ஏற்கப்படவில்லை. ஆக, 1999இலும் அந்த எண்ணம் நகைச்சுவையாக மட்டுமே மேடையேற முடிந்தது.

இதை நான் இரண்டு விதமாகப் பார்க்கிறேன். ஒரு சமூகம் எதைக் கண்டு சிரிக்கிறதோ அதைக் கண்டு உள்ளூர அஞ்சுகிறது. அந்த வகையில் அந்தச் சிரிப்பு 1999ஆம் ஆண்டு பிரிட்டனின் அச்சத்தைக் காட்டுகிறது. ஆனால் நகைச்சுவையாக வந்த எண்ணம், எப்படியோ வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மில்லியன் கணக்கான வீடுகளில், ஒரு பெண் 'நான்தான் டாக்டர்' என்று நிற்பதை மக்கள் பார்த்துவிட்டார்கள். பார்த்ததைப் பார்க்காததாக ஆக்க முடியாது. குறை குறைதான், பயன் பயன்தான். ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க நான் விரும்பவில்லை.

விதையும் விளைச்சலும்

பிறகு என்ன நடந்தது? 2005 மார்ச் 26ஆம் நாள் 'டாக்டர் ஹூ' ரசல் டி. டேவிஸ் தலைமையில் பிபிசியில் மீண்டும் உயிர்பெற்றது. முதல் பருவத்திலேயே மொஃபாட் ஒரு கதை எழுதினார். 2010 முதல் 2017 வரை அவரே தலைமை எழுத்தாளர். கட்டடக் கலைஞனுக்குக் கையூட்டுக் கொடுத்த அதே தந்திரம், 2007இல் 'பிளிங்க்' கதையில் நெஞ்சை உலுக்கும் புதிராக வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 'சில்ட்ரன் இன் நீட்' என்ற இன்னோர் அறநிதி நிகழ்ச்சிக்காக அவர் 'டைம் கிராஷ்' என்னும் எட்டு நிமிடப் படம் எழுதினார். அதில் டேவிட் டென்னன்ட்டின் டாக்டர், 1980களின் டாக்டரான பீட்டர் டேவிசனைச் சந்திக்கிறார். சிக்கலுக்குத் தீர்வு இவருக்கு எப்படித் தெரிந்தது? அன்று அவராக இருந்தபோது, இவர் செய்ததைப் பார்த்த நினைவு இருந்ததால்! சிரிக்கலாம், கூடவே, நேசித்த நடிகருக்கு ஒரு ரசிகன் நன்றி சொல்வதைக் கேட்டுக் கண் கலங்கவும் செய்யலாம். கேலிப்படத்தில் பழகிய கைதான் அது.

எம்மாவின் இரங்கலில் வந்த அந்தக் கொடுமை, கோழைத்தனம் பற்றிய சொற்கள், 2013இல் தொடரின் பொன்விழாக் கதையில் டாக்டரின் உறுதிமொழியாகவே வந்தன. 2017 கிறிஸ்துமஸ் கதையில், பீட்டர் கப்பால்டியின் டாக்டர் விடைபெறும்போது தமக்குப் பின் வருபவருக்குச் சொல்லும் அறிவுரையிலும் வந்தன. அப்படி வந்தவர் யார்? ஜோடி விட்டேக்கர், முதல் பெண் டாக்டர். அதற்கு முன்பே, 2014இல் மாஸ்டர் பெண்ணாக மாறி மிஷெல் கோமஸ் நடிப்பில் வந்துவிட்டார். எழுதியவர் அதே மொஃபாட். இம்முறை உடம்பைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இன்னொரு வியப்பு. கேலிப்படத்தில் அட்கின்சன் ஒன்பதாவது டாக்டர். எண்ணிக்கொண்டே வந்தால் லம்லி பதின்மூன்றாவது. உண்மைத் தொடரில் விட்டேக்கரும் பதின்மூன்றாவது டாக்டர்! தற்செயல்தான். ஆனால் அழகான தற்செயல்.

அறநிதிப் படங்கள் இன்றும் இந்த வேலையைச் செய்கின்றன. 2023 நவம்பரில் 'டெஸ்டினேஷன் ஸ்காரோ' என்ற சிறு நகைச்சுவைப் படம் வந்தது. டாலெக்குகளின் கைக்கு ரப்பர்க் கிண்ணம் எப்படி வந்தது என்பதற்கு அதில் ஒரு விளக்கம் உண்டு. கொடுத்தவர் டாக்டரே! ஊர் சிரித்த குறையைத் தொடரே எடுத்து மாலையாகப் போட்டுக்கொண்டது. அதே படத்தில், டாலெக்குகளை உருவாக்கிய டாவ்ரோஸ் சக்கர நாற்காலி இல்லாமல் நடந்து வந்தான். தீயவன் என்றால் உடற்குறை உள்ளவன் என்று காட்டும் பழைய பழக்கத்தை விட வேண்டும் என்று டேவிஸ் காரணம் சொன்னார். சிரிக்க வந்த ஐந்து நிமிடத்தில் ஒரு கொள்கை முடிவு.

அறநிதி பற்றியும் ஒரு சொல். காமிக் ரிலீஃப் நிகழ்ச்சிகளில் நகைச்சுவைத் துண்டுகளுக்கு நடுவே, புகழ்பெற்றவர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கலங்கும் படங்கள் வரும். 2019இல் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி அவற்றைக் கடுமையாகக் கண்டித்தார். 2020இல் அந்த அமைப்பே அவ்வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. எண்ணிப் பாருங்கள்: மரியாதை இல்லாதது என்று நாம் நினைக்கும் கேலி, தன்னைத்தானே கேலி செய்துகொண்டது. மரியாதையானது என்று நினைக்கும் இரக்கம்தான் அடுத்தவரைச் சிறுமைப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டது.

நம் மேடைகளுக்கு

இதையெல்லாம் ஒரு தமிழ்ப் பேரவை மலரில் எதற்காக எழுதுகிறேன்? நாமும் ஆண்டுதோறும் கலை இரவில் நகைச்சுவை நாடகம் போடுகிறோம். சில சமயம் நன்கொடைச் சீட்டு விற்று நல்ல காரியத்துக்கும் கொடுக்கிறோம். அந்த நாடகங்களில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று ஒருமுறை பட்டியல் போட்டுப் பார்த்தேன். செந்தமிழில் பேசும் தமிழாசிரியர். தோட்டத்துப் பேச்சுப் பேசும் அண்ணன். சேலை கட்டி வரும் ஆண் மாணவர். மூன்றாமவர் மேடையில் கால் வைத்ததுமே கைதட்டல் பறக்கும். அவர் ஒரு வசனமும் பேச வேண்டியதில்லை.

இவர்களை மேடையேற்றக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தமிழாசிரியரைத் தாராளமாகக் கேலி செய்யலாம். ஆனால், அவர் வகுப்பில் உட்கார்ந்து, அவர் எந்தச் செய்யுளைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும் என்று தெரிந்தவர் எழுதட்டும். தோட்டத்துப் பேச்சை, அந்தப் பேச்சில் தாலாட்டுக் கேட்டவர் எழுதட்டும். அப்போது சிரிப்பு குறையாது, கூடும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். சேலை கட்டிய மாணவரைப் பொறுத்தவரை, லம்லியின் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். உடை மட்டுமே நகைச்சுவை என்றால் அங்கே நகைச்சுவை எழுதப்படவே இல்லை என்று பொருள். சபையில் இருக்கும் மாணவிகள் எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று எழுதுபவர் யோசிக்கட்டும்.

முடிவாக, எழுதப் போகும் தம்பி தங்கைகளுக்கு நான் வைக்கும் அளவுகோல் எளிமையானது. நீங்கள் கேலி செய்யப்போகும் பொருள் நாளை செத்துப்போனால், எம்மாவைப் போல ஒரு நிமிடம் உண்மையாக இரங்கல் பேச உங்களால் முடியுமா? முடியும் என்றால் தயங்காமல் கேலி செய்யுங்கள். அந்தப் பொருளைக் காப்பாற்றப் போகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். முடியாது என்றால், முதலில் போய் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். அடுத்த ஆண்டு கலை இரவும் வரத்தான் போகிறது.